மனித–கணினி இடைவினையின் வரலாறு

மனித–கணினி இடைவினை என்பது மனிதர் கணினியை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை ஆராய்ந்து, அப்பயன்பாடு எளிதாகவும் பிழை குறைந்ததாகவும் அமையும்படி கருவிகளையும் மென்பொருள்களையும் வடிவமைக்கும் துறையாகும். கணினியியல், உளவியல், பொறியியல், வரைகலை ஆகிய துறைகள் இதில் ஒன்றுசேர்கின்றன. மனிதரும் கணினியும் சந்திக்கும் இடமே பயனர் இடைமுகம் எனப்படுகிறது. திரை, விசைப்பலகை, சுட்டி, பொத்தான், எச்சரிக்கை ஒலி, பிழைச் செய்தி ஆகிய அனைத்தும் இடைமுகத்தின் பகுதிகளே.

இத்துறையைக் கற்கத் தொடங்குவோர் முதலில் சந்திப்பது சில எளிய விதிகளை. வேறுபட்ட செயல்களுக்கு வேறுபட்ட பொத்தான்கள் வேண்டும், கருவி தன் நிலையைப் பயனருக்குக் காட்ட வேண்டும், செய்ததைத் திரும்பப்பெற வழி வேண்டும் என்பன போன்றவை அவை. படிப்பதற்கு இவை யாவரும் அறிந்த உண்மைகள் போலத் தோன்றும். ஆனால் இவற்றுள் பல, விபத்துகளையும் நீண்ட சோதனைகளையும் கடந்தே நிலைபெற்றன. பிழை நேரும்போது அதைப் பயன்படுத்தியவரின் தவறாகக் கொள்வதா, வடிவமைப்பின் தவறாகக் கொள்வதா என்னும் கேள்வி இத்துறையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

போர் விமானங்களில் தொடக்கம்

இத்துறையின் வேர்கள் கணினிக்கு முந்தியவை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரே வகையான விபத்து மீண்டும் மீண்டும் நேர்ந்தது. பாதுகாப்பாகத் தரையிறங்கிய விமானி, இறக்கை மடிப்புகளை உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் மோதும். இவை விமானியின் கவனக்குறைவு எனப் பதிவு செய்யப்பட்டன.

அமெரிக்க வான்படையின் ஆய்வகத்தில் பணியாற்றிய உளவியலாளர் அல்போன்சு சபானிசு இதை ஆராய்ந்தார். சி-47 போன்ற வேறு விமானங்களை ஓட்டியவர்கள் இந்தத் தவற்றைச் செய்யவில்லை என்பதை அவர் கவனித்தார். பி-17 விமானத்தில் சக்கரத்துக்கும் மடிப்புக்கும் உரிய விசைகள் ஒரே வடிவில் அருகருகே அமைந்திருந்தன. களைத்துப்போன விமானியின் கை ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைத் தொடுவது வியப்பன்று. சபானிசு சக்கரத்துக்கான விசையின் முனையில் சிறிய இரப்பர்ச் சக்கரத்தையும், மடிப்புக்கான விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். கண்ணால் பாராமல், தொட்டே விசைகளை வேறுபடுத்தி அறிய முடிந்தது. விபத்துகள் நின்றன. இன்றைய விமானங்களிலும் சக்கர விசையின் முனை சக்கர வடிவிலேயே அமைகிறது.

1947ஆம் ஆண்டில் பால் பிட்சு, ரிச்சர்டு சோன்சு ஆகிய இருவரும் 'விமானிப் பிழை' எனப்பட்ட 460 நிகழ்வுகளை விமானிகளிடமிருந்து திரட்டி ஆராய்ந்தனர். அவற்றுள் பெரும்பாலானவற்றில் தவற்றுக்கு வழிவகுத்தது கருவிகளின் அமைப்பே என அவர்கள் காட்டினர். ஒரு விசையை மற்றொன்றாகக் கொள்ளுதல், விசையை எதிர்த்திசையில் திருப்புதல், தேவையான விசை கைக்கு எட்டாமை எனப் பிழைகள் சில வகைகளுக்குள் அடங்கின. ஒரே பிழையைப் பலரும் செய்தால் அதற்குக் காரணம் அவர்களின் குணம் அன்று, அவர்கள் முன்னுள்ள கருவி என்னும் பார்வை இங்கிருந்தே வலுப்பெற்றது.

பிட்சு 1954இல் மற்றொரு முக்கிய முடிவையும் வெளியிட்டார். ஓர் இலக்கை அடையக் கை எடுத்துக்கொள்ளும் நேரம், அந்த இலக்கின் தொலைவையும் அகலத்தையும் பொறுத்தது. இலக்கு தொலைவிலும் சிறிதாகவும் இருந்தால் நேரம் கூடும். அருகிலும் பெரிதாகவும் இருந்தால் குறையும். கணினித் திரையை மனத்தில் கொள்ளாமல் எழுதப்பட்ட இந்த விதி, பின்னாளில் திரையில் பொத்தான்களை எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதற்கான அடிப்படையாயிற்று.

இயந்திரத்துக்காகக் காத்திருந்த மனிதர்

1946இல் அறிமுகமான எனியாக் கணினிக்கு ஒரு புதிய கணக்கைக் கொடுக்கக் கம்பிகளை மாற்றிச் செருகி, ஆளிகளைத் திருப்ப வேண்டியிருந்தது. அடுத்து வந்த கணினிகளில் நிரலாளர் தம் நிரலைத் துளையட்டைகளில் பதித்து அட்டைக் கட்டாகக் கொடுத்துவிட்டு, முடிவுக்காக மணிக்கணக்கில் காத்திருந்தார். ஓர் அட்டையில் ஒரு துளை தவறினாலும் மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இயந்திரத்தின் நேரம் விலை மிக்கதாகவும் மனிதரின் நேரம் மலிவானதாகவும் கருதப்பட்ட காலம் அது.

இந்த மதிப்பீட்டை மாற்ற முனைந்தவர்களுள் சோ. க. ரா. லிக்லைடர் முக்கியமானவர். அவரும் உளவியலாளரே. தம் வேலை நேரத்தைத் தாமே குறித்துவைத்துப் பார்த்தபோது, சிந்திப்பதற்கெனத் தாம் செலவிட்ட நேரத்தில் சுமார் 85 விழுக்காடு தகவலைத் தேடுவதிலும் கணக்கிடுவதிலும் வரைபடம் இடுவதிலும் கழிவதை அவர் கண்டார். 1960இல் வெளியிட்ட கட்டுரையில் மனிதரும் கணினியும் ஒருவருக்கொருவர் துணையாக இயங்கும் கூட்டுவாழ்வு பற்றி அவர் எழுதினார். கேள்வியை அமைப்பது மனிதர்; அலுப்பூட்டும் வேலைகளைச் செய்வது கணினி. இதற்குக் கணினி உடனுக்குடன் பதில் தர வேண்டும். பின்னர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையில் பொறுப்பேற்ற அவர், இந்நோக்கில் அமைந்த பல ஆய்வுகளுக்கு நிதி கிடைக்கச் செய்தார்.

ஒளிப்பேனாவும் சுட்டியும்

1963இல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு மாணவர் இவான் சதர்லாந்து, தம் முனைவர் பட்டத்துக்காக 'இசுகெட்ச்பேட்' என்னும் நிரலை உருவாக்கினார். டிஎக்சு-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவை வைத்து நேரடியாகக் கோடு வரையலாம். வரைந்த வடிவத்தைப் பிடித்து இழுக்கலாம், பெரிதாக்கலாம், படியெடுக்கலாம். கட்டளையைத் தட்டச்சு செய்யாமல், திரையில் காணும் பொருளின் மீதே செயல்படுவது சாத்தியம் என்பதை இந்நிரல் காட்டியது.

இதே காலத்தில் கலிபோர்னியாவின் இசுட்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் தக்ளசு எங்கெல்பர்ட் பணியாற்றிவந்தார். போரின் இறுதியில் கடற்படை ரேடார் தொழில்நுட்பராகப் பிலிப்பைன்சில் இருந்தபோது, வன்னெவர் புஷ் 1945இல் எழுதிய ஒரு கட்டுரையை அவர் படித்திருந்தார். ஆவணங்களை ஒன்றோடொன்று இணைத்துத் தேடித்தரும் மேசை வடிவக் கருவி ஒன்றை அக்கட்டுரை கற்பனை செய்திருந்தது. கணினியைக் கணக்கிடும் பொறியாக அன்றி, மனித அறிவாற்றலைப் பெருக்கும் துணையாகக் காணும் நோக்கை எங்கெல்பர்ட் அதிலிருந்து வளர்த்துக்கொண்டார்.

திரையில் உள்ள ஒரு சொல்லைச் சுட்டிக்காட்ட எந்தக் கருவி சிறந்தது என்று அவரது குழு சோதித்தது. ஒளிப்பேனா, இயக்குபிடி, முழங்காலால் இயக்கும் கருவி ஆகியவற்றோடு, பில் இங்கிலீசு செய்துதந்த, அடியில் இரு சக்கரங்கள் கொண்ட சிறு மரப்பெட்டியும் போட்டியில் இருந்தது. பயிற்சி பெற்றவர்களின் கையில் மரப்பெட்டியே முன்னணியில் நின்றது. அதன் வாலைப் போன்ற கம்பியால் அது எலி என்று அழைக்கப்பட்டது. தமிழில் சுட்டி என்னும் பெயர் நிலைத்தது. வேகத்தையும் பிழையையும் அளந்து கருவிகளை ஒப்பிட்ட முறையும் சுட்டியைப் போலவே இத்துறைக்கு நிலையான பங்களிப்பாயிற்று.

1968 திசம்பர் 9 அன்று சான் பிரான்சிசுகோவில் நடந்த கணினி மாநாட்டில் எங்கெல்பர்ட் 90 நிமிடச் செயல்விளக்கம் ஒன்றை நிகழ்த்தினார். சுட்டி, ஆவணங்களுக்கிடையே தாவும் இணைப்பு, தொலைவில் உள்ளவரோடு ஒரே ஆவணத்தில் பணியாற்றுதல், திரையில் முகம் பார்த்துப் பேசுதல் ஆகியவை அங்கே ஒரே அமர்வில் காட்டப்பட்டன. எனினும் அவரது அமைப்பைக் கற்க நீண்ட பயிற்சி தேவைப்பட்டது. மூன்று சக்கர வண்டி எளிது. ஆனால் தொலைவு செல்ல இரு சக்கர வண்டியைப் பழகத்தான் வேண்டும் என்பது எங்கெல்பர்ட்டின் வாதம். எளிமையா, ஆற்றலா என்னும் இந்த விவாதம் இன்றும் தீரவில்லை.

செராக்சு ஆய்வு மையமும் 'நிலை'களின் சிக்கலும்

செராக்சு நிறுவனம் 1970இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. பில் இங்கிலீசு உள்ளிட்ட எங்கெல்பர்ட் குழுவினர் சிலரும் அங்குச் சேர்ந்தனர். 1973இல் அங்கு உருவான ஆல்டோ கணினியில், தாளைப் போன்று நிமிர்ந்த திரையும் சுட்டியும் இருந்தன. ஒருவருக்கு ஒரு கணினி என்பது அன்று துணிச்சலான எண்ணம். ஆலன் கே தலைமையிலான குழு, சிறுவர்களும் பயன்படுத்தத்தக்க கணினி என்னும் நோக்கோடு, ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்களை உருவாக்கியது.

ஆல்டோவுக்கென எழுதப்பட்ட 'பிராவோ' என்னும் உரைத்தொகுப்பி, அச்சில் வரவிருப்பதைத் திரையிலேயே காட்டியது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும், மற்றொரு நிலையில் கட்டளையாகவும் செயல்பட்டது. கட்டளை நிலையில் இருப்பதை மறந்த ஒருவர் 'எடிட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்தால் நேர்வது இது: முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தெரிவுசெய்யும், இரண்டாம் எழுத்து அதை அழிக்கும், மூன்றாம் எழுத்து உரை சேர்க்கும் நிலைக்கு மாற்றும், நான்காம் எழுத்து உரையாகச் சேரும். எஞ்சுவது ஒரே ஓர் எழுத்து. சொல்லை எழுதியவர் எழுத்துப்பிழை எதுவும் செய்யவில்லை. தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மட்டுமே அறியவில்லை.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் லாரி டெசுலர். அவரும் டிம் மாட்டும் ஒரு பாடநூல் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர்களுக்காக 'சிப்சி' என்னும் தொகுப்பியை உருவாக்கினர். நிரல் எழுதும் முன்னர், காகிதத்தில் திருத்துவோர் எவ்வாறு வேலை செய்கின்றனர் என்று கவனித்தனர். கணினி பழகாத ஒருவரை வெற்றுத் திரையின் முன் அமர்த்தி, எப்படித் திருத்த விரும்புவீர்கள் என்று கேட்டனர். அதன் விளைவாக, தட்டினால் எப்போதும் எழுத்து வரும், முதலில் சொல்லைத் தெரிவுசெய்து பின்னர் செயலைக் கூறலாம் என்னும் ஒழுங்கு அமைந்தது. கத்தரியும் பசையும் கொண்டு காகிதத்தில் செய்த வேலை, வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என்னும் கட்டளைகளாயிற்று. டெசுலர் தம் காரின் எண்பலகையில்கூட 'நிலைகள் வேண்டா' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் பொறித்திருந்தார்.

அலுவலக மேசை திரைக்கு வந்தது

1981 ஏப்ரலில் செராக்சு 'இசுடார்' என்னும் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் திரையே ஓர் அலுவலக மேசை. ஆவணம், கோப்புறை, அஞ்சல் தட்டு ஆகியவை சிறு படங்களாக அதில் காட்சியளித்தன. இத்தகைய படங்களுக்குப் படவுரு என்னும் பொருளில் ஆங்கிலப் பெயரை 1975இல் தம் ஆய்வேட்டில் பயன்படுத்திய டேவிட் கேன்பீல்டு சுமித், இசுடாரின் வடிவமைப்பாளர்களுள் ஒருவர். நினைவில் வைத்துத் தட்டச்சு செய்வதைவிடக் கண்டு சுட்டுவது எளிது என்பது அக்குழுவின் அடிப்படைக் கொள்கை. ஆயினும் ஓர் இயந்திரத்தின் விலையே 16,595 டாலர். மெதுவாகவும் இயங்கியது. வணிக அளவில் இசுடார் தோல்வியுற்றது.

1979இன் இறுதியில் ஆப்பிள் நிறுவனத்தின் இசுடீவ் சாப்சும் அவர் குழுவினரும் செராக்சு மையத்துக்கு வந்து ஆல்டோவைப் பார்த்தனர். டெசுலரும் பின்னர் ஆப்பிளில் சேர்ந்தார். 1983இல் லிசா, 1984 சனவரி 24 அன்று மாக்கின்டாசு என இரு கணினிகள் வந்தன. மாக்கின்டாசின் விலை 2,495 டாலர். சாளரம், படவுரு, பட்டி, சுட்டி என்னும் நான்கும் சேர்ந்த அமைப்பு பொதுமக்களை எட்டியது இதன் வழியாகவே.

லிசா உருவானபோது புதியவர்களை அழைத்துச் சோதித்த நிகழ்வுகளுள் ஒன்று பரவலாக அறியப்பட்டது. ஒரு பொத்தானில் 'செய்க' என்னும் பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அவற்றுக்கிடையிலான இடைவெளி சிறிதாக இருந்தது. ஆங்கிலத்தின் பெரிய 'ஐ' எழுத்தும் சிறிய 'எல்' எழுத்தும் அந்த எழுத்துருவில் ஒன்றுபோல் இருந்தன. எனவே அது 'மடையன்' என்னும் பொருள் தரும் வேறு ஒரு சொல்லாகத் தெரிந்தது. கணினி தம்மை ஏன் மடையன் என்று அழைக்கிறது என ஒருவர் சினந்து கேட்டார். அப்பொத்தானில் 'சரி' என்னும் பொருளுடைய 'ஓகே' இடம்பெற்றது. மாதக்கணக்கில் அத்திரையைப் பார்த்துவந்த வடிவமைப்பாளர்களின் கண்ணுக்குப் படாத குறை, புதியவரின் கண்ணுக்கு முதல் நாளே பட்டது.

மாக்கின்டாசில் பட்டிகள் திரையின் மேல்விளிம்பில் வைக்கப்பட்டன. சுட்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்புக்குறி விளிம்பைத் தாண்டாது. ஆகவே விளிம்பில் உள்ள சிறு இலக்கும் பெரிய இலக்கைப் போலவே பயன்படும். 1954இல் கூறப்பட்ட பிட்சின் விதிக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகப் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

தனித்துறையாக உருப்பெறுதல்

1982 மார்ச்சில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள கெய்தர்சுபர்க்கில் கணினி அமைப்புகளில் மனிதக் காரணிகள் பற்றிய மாநாடு நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாக 1983 முதல் இத்துறைக்கெனத் தனி மாநாடுகள் நடந்துவருகின்றன. அதே ஆண்டில் இசுடூவர்ட் கார்டு, தாமசு மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் இத்துறையின் உளவியல் அடிப்படைகளைத் தொகுத்து நூல் வெளியிட்டனர். ஒரு வேலையை நோக்கம், செயல், வழிமுறை, தெரிவு எனப் பகுத்து, அதற்காகும் நேரத்தை முன்கூட்டியே கணிக்கலாம் என்று அவர்கள் காட்டினர். பென் சினைடர்மன் அதே ஆண்டில் 'நேரடிக் கையாளல்' என்னும் கருத்தை விளக்கினார். பொருள் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். செயலின் விளைவு உடனே தெரிய வேண்டும். செயலைத் திரும்பப்பெற வழி வேண்டும் என்பன அதன் கூறுகள்.

இரண்டு விபத்துகள்

இடைமுகம் என்பது வசதி பற்றிய செய்தி மட்டும் அன்று என்பதை இரண்டு நிகழ்வுகள் உணர்த்தின.

முதலாவது, 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்து. அழுத்தத்தை வெளியேற்றத் திறந்த ஓர் அடைப்பிதழ் மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்துவிட்டது. அந்த விளக்கு காட்டியது அடைப்பிதழின் உண்மை நிலையை அன்று. அதைத் திறந்துவைக்கும் மின்னோட்டம் நிறுத்தப்பட்டதையே. விளக்கை நம்பிய பணியாளர்கள் அடைப்பிதழ் மூடிவிட்டதாகக் கொண்டனர். முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் ஒலித்ததால், முக்கியமானதைப் பிரித்தறிய இயலவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்ப்பு நீர் வெளியேறியது. உலையின் உட்கருவில் ஏறத்தாழப் பாதி உருகியது. அக்கட்டுப்பாட்டு அறையை ஆராய அழைக்கப்பட்டவர்களுள் ஒருவரான உளவியலாளர் டொனால்டு நார்மன், பிழை செய்ய வைக்கும் வகையிலேயே அந்த அறை அமைந்திருந்தது என்னும் முடிவுக்கு வந்தார்.

இரண்டாவது, தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவி. 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் இக்கருவியால் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். முந்தைய கருவிகளில் தவறான கதிர்வீச்சைத் தடுக்கத் தனி வன்பொருள் காப்புகள் இருந்தன. தெராக்-25 அப்பொறுப்பை மென்பொருளிடம் விட்டது.

1986இல் டெக்சாசு மாநிலத்தின் டைலர் நகரில் நடந்தது இத்துறையின் பாடமாகவே மாறியது. கருவியை இயக்கியவர், எலக்ட்ரான் கதிர் என்று குறிக்க வேண்டிய இடத்தில் எக்சு-கதிர் என்று உள்ளிட்டுவிட்டதைக் கண்டார். திரையில் மேலே சென்று எழுத்தை மாற்றி விரைவாகக் கீழே வந்தார். திரையில் திருத்தம் தெரிந்தது. ஆனால் காந்தங்கள் சரியமைய ஆகும் சுமார் எட்டு வினாடிகளுக்குள் திருத்தம் முடிந்துவிட்டதால், மென்பொருளின் வேறொரு பகுதி அதை அறியவில்லை. திரை ஒன்று சொன்னது. இயந்திரம் வேறு நிலையில் இருந்தது. பின்னர் 'பழுது 54' என்னும் செய்தி தோன்றியது. அது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் செய்தியும் சொல்லவில்லை, கையேடும் விளக்கவில்லை. இத்தகைய செய்திகள் அடிக்கடி வந்து பழகியிருந்தன. தொடர்வதற்கு ஒரே விசை போதும். அவர் அதை அழுத்தினார். நோயாளி மீண்டும் கதிர்வீச்சுக்கு ஆளானார்; சில மாதங்களில் இறந்தார்.

பின்னர் அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும் சேர்ந்து, தரவை உள்ளிடும் வேகமே பழுதுக்குக் காரணம் என்பதைத் தொடர்ந்து முயன்று கண்டறிந்தனர். நான்சி லெவசன், கிளார்க் டர்னர் ஆகியோர் 1993இல் வெளியிட்ட விரிவான ஆய்வு மற்றொன்றையும் பதிவு செய்தது. தரவை உள்ளிட நேரம் ஆகிறது என்று இயக்குவோர் முன்பு குறைகூறியதால், ஒரே விசையைத் தொடர்ந்து தட்டி வேகமாகக் கடக்கும்படி இடைமுகம் எளிதாக்கப்பட்டிருந்தது. வேகம் தனியே ஒரு நன்மை ஆகாது. எந்த இடத்தில் பயனரைத் தாமதப்படுத்த வேண்டும் என்பதும் வடிவமைப்பின் கேள்வியே.

விதிகளாகத் திரண்டவை

நார்மன் 1988இல் அன்றாடப் பொருள்களின் உளவியல் பற்றி எழுதிய நூல், கதவு, தண்ணீர்க் குழாய், அடுப்பு போன்றவற்றின் வழியாக இக்கருத்துகளைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. ஒரு கருவியின் முன் நிற்பவருக்கு இரண்டு இடைவெளிகள் உள்ளன என்று அவர் விளக்கினார். தாம் விரும்புவதை எப்படிச் செய்வது என்று அறியாமை முதல் இடைவெளி. செய்தபின் என்ன நடந்தது என்று அறியாமை இரண்டாவது. திரீ மைல் தீவின் விளக்கு இரண்டாவது இடைவெளிக்கு எடுத்துக்காட்டு.

1990இல் யாக்கப் நீல்சனும் ரோல்ப் மோலிச்சும் இடைமுகத்தை விரைவாக மதிப்பிடும் முறையை முன்வைத்தனர். 1994இல் நீல்சன் அதைப் பத்து விதிகளாகத் தொகுத்தார். அமைப்பின் நிலையைக் காட்டுதல், பயனர் அறிந்த மொழியில் பேசுதல், திரும்பச் செல்ல வழிதருதல், சீர்மை, பிழையைத் தடுத்தல், நினைவுச் சுமையைக் குறைத்தல், தெளிவான பிழைச் செய்தி ஆகியவை அவற்றுள் சில. இன்று இத்துறையின் தொடக்கப் பாடமாக இவை கற்பிக்கப்படுகின்றன. சபானிசின் இரப்பர்ச் சக்கரம், பிராவோவில் அழிந்த ஆவணம், 'பழுது 54' ஆகியவற்றை அறிந்தவருக்கு இந்த விதிகள் வெறும் பட்டியலாகத் தோன்றா.

விதியைப் பின்பற்றினாலும் சோதனை தேவை என்பதற்கு 2000ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் சான்றாகிறது. புளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் முதியோர் படிக்க வசதியாக வாக்குச்சீட்டின் எழுத்து பெரிதாக்கப்பட்டது. இடம் போதாமல் வேட்பாளர் பெயர்கள் இரு பக்கங்களிலும், துளையிடும் இடங்கள் நடுவிலும் அமைந்தன. இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த அல் கோருக்கு உரியது மூன்றாவது துளை. இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. அம்மாவட்டத்தில் புக்கானன் எதிர்பாராத அளவில் 3,407 வாக்குகள் பெற்றார். இரு துளைகள் இடப்பட்டதால் 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாதவையாயின. மாநிலம் முழுவதிலும் சார்ச் புஷ் வென்ற வேறுபாடு 537 வாக்குகள் மட்டுமே. எழுத்தைப் பெரிதாக்கியது நல்ல நோக்கமே. ஆனால் வாக்காளர் சிலரிடம் அச்சீட்டைக் கொடுத்துப் பார்த்திருந்தால் குழப்பம் முன்னரே தெரிந்திருக்கும்.

தமிழ் விசைப்பலகை

தமிழைக் கணினியில் உள்ளிடுவதும் ஓர் இடைமுகச் சிக்கலாகவே இருந்தது. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைக்க முடியாது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறி இதற்கு ஒரு தீர்வைத் தந்தது. தட்டச்சுப்பொறியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கப்பட்டன. 'கெ' என்பதற்கு முதலில் கொம்பு, பின்னர் ககரம். காகிதத்தில் எழுதும் ஒழுங்கும் அதுவே. ஆனால் பலுக்கும் ஒழுங்கு அதற்கு மாறானது.

கணினி வந்தபின் பலவகை விசைப்பலகைகள் பெருகின. ஒரு கணினியில் பழகியவர் மற்றொன்றில் தடுமாறினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து, தமிழ்நாடு அரசு 'தமிழ்99' விசைப்பலகையைத் தரப்படுத்தியது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்யெழுத்துகளுக்குரிய விசைகள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்தன. மிகுதியாகப் பயன்படும் க, ப, ம, த, ந, ய ஆகியவை விரல்கள் தங்கும் நடுவரிசையில் உள்ளன. மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் உருவாகும்.

இதன் சிறப்பான கூறு தானாகப் புள்ளியிடுதல். ககரத்தை இருமுறை தட்டினால் 'க்க' என வரும். 'ங்க', 'ஞ்ச', 'ண்ட', 'ந்த', 'ம்ப', 'ன்ற' ஆகிய இன எழுத்துச் சேர்க்கைகளிலும் முதலெழுத்துக்குப் புள்ளி தானே அமையும். மெய்ம்மயக்கம் பற்றிய தமிழ் இலக்கண அறிவே இங்கு விசைத்தட்டல்களைக் குறைக்கிறது. ஆயினும் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒலிப்புமுறையில் தட்டுவோர் இன்றும் ஏராளம். ஏற்கெனவே பழகிய கைக்குப் புதிய ஒழுங்கைக் கற்பிப்பது கடினம். மூன்று சக்கர வண்டி பற்றிய எங்கெல்பர்ட்டின் கேள்வி தமிழ்த் தட்டச்சிலும் எழுகிறது.

தொடுதிரைக் காலம்

1990களில் வலையும், 2007இல் ஐபோனும் வந்தபின் இடைமுகம் வல்லுநரின் மேசையிலிருந்து அனைவரின் கைக்கும் வந்தது. சுட்டியின் அம்புமுனையைவிட விரல்நுனி பருமனானது. அது தொடும் இலக்கை மறைக்கவும் செய்கிறது. ஆகவே பொத்தான்களின் சிற்றளவு பற்றிய வரையறைகள் எழுந்தன. பார்வை, செவி, உடலியக்கக் குறைபாடு உடையோரும் பயன்படுத்தும்படி வலைப்பக்கங்களை அமைப்பதற்கான முதல் வழிகாட்டி விதிகளை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999இல் வெளியிட்டது. படத்துக்கு மாற்றுரை, போதிய நிற வேறுபாடு, சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டும் இயக்க வழி ஆகியவை இவ்வகை விதிகளின் அடிப்படைகள்.

வங்கிப் பணம், பயணச்சீட்டு, மருத்துவமனை முன்பதிவு, அரசு விண்ணப்பம் ஆகியவை திரைவழியே நடக்கும் இக்காலத்தில், ஒரு பொத்தானைக் கண்டுபிடிக்க இயலாதவர் அச்சேவையையே இழக்கிறார். அவ்வாறு இழப்பவர் பெரும்பாலும் தம்மையே குறைகூறிக்கொள்கிறார். பி-17 விமானிகளும் ஒரு காலத்தில் அவ்வாறே குறைகூறப்பட்டனர். குறை விசைகளின் வடிவில் இருந்தது.